காய் விலகட்டும், ராணி விழட்டும்: திறப்புத் தாக்குதல் பழகுவது எப்படி

ஏப்ரல் 15 ஆகிவிட்டால் எங்கள் பக்கம் விசைப்படகுகளைக் கட்டிப்போட்டுவிடுவார்கள். ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். பாம்பனிலும் மண்டபத்திலும் வலைக் கொட்டகை நிழலில் சீட்டு ஓடும், கேரம் ஓடும், பள்ளிக்கூடமும் லீவு விட்டுவிட்டால் செஸ் பலகையும் வந்துவிடும். 2022-இல் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாடு நடந்து, பிறகு குகேஷ் உலக சாம்பியனும் ஆனதால், செஸ் என்றால் சின்னப் பசங்களுக்கு இப்போது தனி மவுசு.

புதிதாக ஆடுகிறவர்களோடு உட்கார்ந்தால் ஒன்று கண்ணில் படும். ராணியைப் பறிகொடுப்பவர் பெரும்பாலும் எதிராளி எந்தக் காயைத் தூக்கினார், எங்கே வைத்தார் என்று நன்றாகத்தான் பார்த்திருப்பார். அந்தக் காய் எழுந்துபோன கட்டத்துக்குப் பின்னால் யார் நிற்கிறார் என்பதைத்தான் பார்த்திருக்கமாட்டார். இந்தக் கட்டுரை முழுக்க அந்தப் பின்னால் நிற்பவரைப் பற்றியது.

பலகையை எதிரில் வைத்துக்கொண்டு படியுங்கள். மனதிலேயே ஓட்டிப் பார்த்தால் நாலாவது நகர்வில் எல்லாம் கலங்கிவிடும். கடற்கரையில் உட்காருவதென்றால் ரெக்சின் போர்டின் நாலு மூலைக்கும் கல் வைக்கவேண்டும். கச்சான் காற்று எழும்பினால் லேசான பிளாஸ்டிக் சிப்பாய்கள் நிற்காது. அடியில் கனம் வைத்த காய்கள் கொஞ்சம் விலை கூடுதல்தான், ஆனாலும் எங்கள் ஊருக்கு அதுதான் சரி.

ராஜா, ராணி, யானை, பிஷப், குதிரை, சிப்பாய் என்றே எழுதுகிறேன். வெள்ளைக் காய் வைத்திருப்பவரின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கமாக ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச். அவர் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாக 1 முதல் 8. ஆட்டம் தொடங்கும்போது வெள்ளை ராணி டி1-இல், கறுப்பு ராணி டி8-இல். ராஜாக்கள் ஈ1, ஈ8. இது பிடிபட்டால் போதும்.

ஒரே கோட்டில் மூன்று பேர்

திறப்புத் தாக்குதலுக்கு மூன்று காய்கள் ஒரே கோட்டில் இருக்கவேண்டும். பின்னால் நம்முடைய யானை, பிஷப் அல்லது ராணி. நடுவில் நம்முடைய வேறொரு காய். அந்தப் பக்கம் எதிரியின் ராணியோ ராஜாவோ. நடுக்காய் விலகிய நொடியில் பின்னால் இருப்பது தாக்கத் தொடங்கிவிடும். துறைமுகத்தில் முன்படகு நகர்ந்ததும் அதன் பின்னால் மறைந்திருந்த படகுக்கு வழி கிடைக்கிற மாதிரிதான் இதுவும்.

இதில் லாபம் எங்கே என்றால், விலகுகிற காயும் சும்மா போகவேண்டியதில்லை. அது போகிற இடத்தில் தானும் ஒரு வேலை செய்யலாம். ஒரே நகர்வில் இரண்டு மிரட்டல். எதிராளிக்கு ஒரு நகர்வுதான் உண்டு, ஒன்றைத்தான் கவனிக்க முடியும். இரண்டு மிரட்டல்களில் ஒன்று ராஜாவுக்குச் செக் என்றால் அவர் எதைக் கவனிப்பார் என்பதையும் நாமே முடிவு செய்துவிடுகிறோம். செக்கிலிருந்து தப்பித்தே ஆகவேண்டும், விதி அப்படி. ராணி போனாலும் போகட்டும் என்று விடத்தான் வேண்டும்.

ராணியைப் பிடிக்க இரண்டு வகை உண்டு. விலகும் காய் செக் கொடுக்க, பின்னால் இருப்பது ராணியைத் தாக்குவது ஒன்று. பின்னால் இருப்பது செக் கொடுக்க, விலகும் காய் ராணியைத் தாக்குவது இன்னொன்று. இரண்டாவதைத் திறப்புச் செக் என்கிறோம். பயிற்சி கொடுப்பவர்கள் டிஸ்கவர்டு செக் என்பார்கள்.

முதல் வகை: ஒரு சின்ன நிலை

பலகையைக் காலி செய்துவிட்டு இதை வையுங்கள். வெள்ளை: ராஜா ஜி1, ராணி டி1, பிஷப் டி3, சிப்பாய்கள் எஃப்2, ஜி2, எச்2. கறுப்பு: ராஜா ஜி8, ராணி டி5, சிப்பாய்கள் எஃப்7, ஜி7, எச்7. வெள்ளையின் முறை.

பிஷப் டி3-இலிருந்து சாய்வாகப் போய் எச்7 சிப்பாயை வெட்டிச் செக் கொடுக்கிறது. புதிதாகப் பார்ப்பவருக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரியும். ராஜா பிஷப்பைச் சும்மா வெட்டிக்கொள்ளுமே! வெட்டட்டும். டி வரிசை இப்போது திறந்து கிடக்கிறது. வெள்ளை ராணி டி1-இலிருந்து நேராகப் போய் டி5 ராணியை வெட்டுகிறது. ஒரு பிஷப் கொடுத்து ஒரு ராணியும் ஒரு சிப்பாயும் வாங்கியாயிற்று.

இப்போது ஒரே ஒரு மாற்றம். கறுப்புக்கு டி8-இல் ஒரு யானை வையுங்கள். அதே பிஷப், அதே செக், ராஜா வெட்டுகிறது, நம் ராணி டி5 ராணியை வெட்டுகிறது. உடனே டி8 யானை நம் ராணியை வெட்டிவிடும். ராணிக்கு ராணி சரியாய்ப் போச்சு, பிஷப்பை மட்டும் ஒரு சிப்பாய்க்குத் தாரை வார்த்தோம். தந்திரம் அப்படியே இருக்கிறது, கணக்கு மட்டும் தலைகீழாகிவிட்டது.

இன்னொரு மாற்றம் செய்யுங்கள். டி8 யானை அங்கேயே இருக்கட்டும். வெள்ளை ராணியை எடுத்துவிட்டு டி1-இலும் ஈ1-இலும் யானைகளை வையுங்கள். பிஷப் எச்7-இல் வெட்டிச் செக், ராஜா வெட்டுகிறது, டி1 யானை ராணியை வெட்டுகிறது, டி8 யானை திருப்பி வெட்டுகிறது. காய்களுக்கு வழக்கமாகப் போடும் மதிப்புப்படி நாம் கொடுத்தது பிஷப் 3, யானை 5, மொத்தம் 8. வாங்கியது ராணி 9, சிப்பாய் 1, மொத்தம் 10. இங்கே லாபம்தான்.

புத்தகங்களில் இதை ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பாடத்திலும் முக்கியமானது இதுதான். பின்னால் நிற்பது யானையோ பிஷப்போ என்றால், எதிரி ராணிக்குக் காவல் இருந்தாலும் பெரும்பாலும் பரவாயில்லை, மலிவான காயைக் கொடுத்து விலை கூடியதை வாங்குகிறோம். பின்னால் நிற்பது நம் ராணி என்றால், எதிரி ராணிக்குக் காவல் இருக்கவே கூடாது.

ஆட்டத்தில் வரும்போது எப்படி இருக்கும்

இப்போது ஒரு முழு ஆட்டத்தின் தொடக்கம். பிரெஞ்சு டிஃபென்ஸ் என்று பெயர். காய்களை முதல் நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு ஒவ்வொன்றாக நகர்த்துங்கள்.

வெள்ளை ஈ சிப்பாயை ஈ4-க்கு, கறுப்பு ஈ சிப்பாயை ஈ6-க்கு. வெள்ளை டி4, கறுப்பு டி5 (காய் பெயர் சொல்லாமல் கட்டத்தை மட்டும் சொன்னால் சிப்பாய் அங்கே போகிறது என்று பொருள்). வெள்ளைச் சிப்பாய் ஈ5-க்கு முன்னேறுகிறது, கறுப்பு சி5. வெள்ளை சி3, கறுப்புக் குதிரை சி6. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்பு ராணி பி6. வெள்ளை பிஷப் டி3-க்கு வருகிறது. கறுப்பின் சி5 சிப்பாய் டி4-இல் வெட்டுகிறது, வெள்ளையின் சி3 சிப்பாய் திருப்பி வெட்டி டி4-இல் உட்காருகிறது.

இங்கே நிறுத்துங்கள். கறுப்பின் முறை. டி4 சிப்பாயைத் தாக்குவது யார்? சி6 குதிரை, பி6 ராணி, இரண்டு பேர். காப்பது யார்? எஃப்3 குதிரை ஒன்றுதான். டி1 ராணியும் அதே வரிசையில்தான் இருக்கிறது, ஆனால் நடுவில் டி3-இல் சொந்த பிஷப்பே மறித்துக்கொண்டிருக்கிறது.

“அண்ணே, இந்தச் சிப்பாய் சும்மாதான கிடக்கு, எடுத்துக்கவா?”

“எடுத்துக்கடா தம்பி, யாரு வேணாங்கிறா?”

கறுப்புக் குதிரை டி4-இல் வெட்டுகிறது. வெள்ளைக் குதிரை அதை வெட்டுகிறது. கறுப்பு ராணி அந்தக் குதிரையை வெட்டி டி4-இல் ஜம்மென்று உட்காருகிறது. ஒரு சிப்பாய் லாபம். இப்போது வெள்ளை பிஷப் டி3-இலிருந்து பி5-க்குப் போகிறது. செக்! சி6 குதிரை போய்விட்டதால் பி5-இலிருந்து ஈ8 வரை சாய்வுக்கோடு திறந்து கிடக்கிறது. டி வரிசையில் வெள்ளை ராணிக்கும் கறுப்பு ராணிக்கும் நடுவில் இப்போது யாருமில்லை. டி4 ராணிக்குக் காவலும் இல்லை.

கறுப்பு தன் பிஷப்பை டி7-க்குக் கொண்டுவந்து செக்கை மறைக்கும் என்று வையுங்கள். ராணியை உடனே வெட்டத்தான் கை பரபரக்கும். வெட்டினால் டி7 பிஷப் நம் பி5 பிஷப்பை வெட்டிவிடும். அதற்கு முன் நம் பிஷப்பால் டி7 பிஷப்பை வெட்டிப் பாருங்கள். அதுவும் செக்! ராஜா நகர்ந்தே ஆகவேண்டும், வெட்டினாலும் சரி ஓடினாலும் சரி. கறுப்பு ராணி அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது, சாவகாசமாக வெட்டிக்கொள்ளலாம். பிஷப்புக்கு பிஷப், குதிரைக்குக் குதிரை, நாம் விட்டது ஒரே ஒரு சிப்பாய், பிடித்தது ராணி. வலையில் விழுந்துவிட்டது என்று தெரிந்தபின் அவசரப்படுவதுதான் புதியவர்களின் பெரிய கெட்ட பழக்கம்.

பிஷப்பைச் செக் கொடுக்காமல் சி2-க்கு நகர்த்தியிருந்தால்? அப்போதும் டி வரிசை திறக்கும், தாக்குதலும் உண்டு. ஆனால் கறுப்பு ராணிக்குக் கை கட்டப்படவில்லை. அதுவே நம் ராணியை டி1-இல் வெட்டும், நாம் திருப்பி வெட்டுவோம், ராணிகள் இரண்டும் போய் ஒரு சிப்பாய் குறைவாக உட்கார்ந்திருப்போம். செக் ஏன் வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

இரண்டாவது வகை: குதிரை எங்கே குதிக்கும்?

ரஷ்யன் டிஃபென்ஸ், பெட்ரோவ் டிஃபென்ஸ் என்று இரண்டு பெயரிலும் சொல்வார்கள். வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளைக் குதிரை எஃப்3, கறுப்புக் குதிரை எஃப்6. வெள்ளைக் குதிரை ஈ5 சிப்பாயை வெட்டுகிறது. கறுப்பும் அவசரமாக ஈ4 சிப்பாயை வெட்டுகிறது. நீ ஒன்று எடுத்தால் நான் ஒன்று. வெள்ளை ராணி ஈ2-க்கு வந்து ஈ4 குதிரையைத் தாக்குகிறது. கறுப்பு பயந்து குதிரையை எஃப்6-க்குப் பின்வாங்குகிறது. இயல்பான நகர்வு மாதிரித்தான் இருக்கிறது. ஆட்டம் அத்தோடு முடிந்தது.

ஈ வரிசையைப் பாருங்கள். ஈ2-இல் வெள்ளை ராணி, ஈ5-இல் வெள்ளைக் குதிரை, ஈ8-இல் கறுப்பு ராஜா. நடுவில் வேறு எதுவும் இல்லை. குதிரை எங்கே குதித்தாலும் ராஜாவுக்குச் செக். அப்படியானால் எங்கே குதிப்பது?

டி8 ராணியைத் தாக்கும் கட்டங்கள் இரண்டு: எஃப்7, சி6. எஃப்7-இல் ஒரு சிப்பாயும் கிடைக்கும், சபலம் அங்கேதான் இழுக்கும். ஆனால் அங்கே ராஜாவே குதிரையை வெட்டிவிட்டு ஈ வரிசையிலிருந்தும் விலகிக்கொள்ளும், செக்கும் தீர்ந்தது குதிரையும் போச்சு. சி6-க்குக் குதியுங்கள். அங்கே பி7, டி7 சிப்பாய்கள் இரண்டும் குதிரையை வெட்டத் தயாராகத்தான் நிற்கின்றன. ஆனால் வெட்டினால் ஈ வரிசைச் செக் தீராது, அதனால் வெட்டவே முடியாது. கறுப்பு ராணியோ பிஷப்போ ஈ7-இல் வந்து மறைக்கும். ராணி வந்தால் குதிரை ஈ7-இல் அதை வெட்டும். பிஷப் வந்தால் டி8-இல் நிற்கும் ராணியை வெட்டும். ஒரு குதிரையைக் கொடுத்து ராணியை வாங்கியாயிற்று.

திறப்புச் செக் கிடைத்துவிட்டால் விலகுகிற காய்க்கு அந்த ஒரு நகர்வுக்கு மட்டும் அசாத்திய சுதந்திரம். ராஜா தொடமுடியாத கட்டமாக இருந்தால், பெரும்பாலும் சிப்பாயின் வாயிலேயே போய் உட்காரலாம். இதை விரல்நுனி மறக்காத அளவுக்குப் பழகுங்கள்.

கறுப்பு எப்படித் தப்பியிருக்கவேண்டும்? ஈ4 சிப்பாயை வெட்ட ஓடாமல், முதலில் டி சிப்பாயை டி6-க்கு வைத்து வெள்ளைக் குதிரையை விரட்டிவிட்டு, அது எஃப்3-க்குத் திரும்பியதும் ஈ4-ஐ எடுத்திருக்கவேண்டும். பெரிய ஆட்டக்காரர்கள் ஆடும் வரிசை இதுதான்.

வெட்டுவதற்கு முன் ஒரு மூச்சு

இது கொஞ்சம் வேடிக்கையானது. வெள்ளை ஈ4, கறுப்பு ஈ5. வெள்ளை டி4, கறுப்பு அதை வெட்டுகிறது. வெள்ளை சி3, கறுப்பு அதையும் வெட்டுகிறது. வெள்ளை பிஷப் சி4, கறுப்புச் சிப்பாய் பி2-ஐயும் வெட்டுகிறது. இன்னொரு வெள்ளை பிஷப் அந்தச் சிப்பாயை பி2-இல் முடிக்கிறது. கறுப்பு டி5-க்கு ஒரு சிப்பாயை நீட்டுகிறது, சி4 பிஷப் அதை வெட்டுகிறது. கறுப்புக் குதிரை எஃப்6. டேனிஷ் கேம்பிட் என்கிற ஆட்டம் இது.

டி வரிசையில் டி1 ராணி, டி5 பிஷப், டி8 கறுப்பு ராணி. நாம் படித்த படம் அப்படியே இருக்கிறது. பிஷப் எஃப்7-இல் வெட்டிச் செக், ராஜா பிஷப்பை வெட்டுகிறது, வெள்ளை ராணி டி8 ராணியை வெட்டுகிறது. ஆகா!

இப்போது கறுப்பு பிஷப் எஃப்8-இலிருந்து பி4-க்குப் போகிறது. செக். எழுந்துபோன கட்டத்தைப் பாருங்கள். எச்8 யானைக்கும் டி8-இல் நிற்கும் நம் ராணிக்கும் நடுவில் இருந்த பிஷப் போய்விட்டது. குதிரையும் முன்பே ஜி8-ஐ விட்டுப் போயாயிற்று, ராஜா எஃப்7-இல். திறப்புத் தாக்குதலுக்குத் திறப்புத் தாக்குதலே பதில்! நம் ராணி டி2-க்கு ஓடிவந்து செக்கை மறைக்கலாம், பிஷப் அங்கே அதை வெட்டும், குதிரை பிஷப்பை வெட்டும். இரண்டு பக்கமும் எண்ணிப் பாருங்கள்: ஆளுக்கு ஒரு ராணி, ஒரு பிஷப், மூன்று சிப்பாய் போயிருக்கும். சரிசமம்.

ஆகவே ராணியை வெட்டுவதற்கு முன், வெட்டியபின் நம் காய் உட்காரும் கட்டத்துக்கு எதிரியின் எந்தக் கோடு வருகிறது என்று பார்த்துவிடுங்கள். நம் ராஜாவுக்கு எங்கிருந்தாவது செக் விழுமா என்பதையும்.

உங்கள் ஆட்டத்தில் தேடும் முறை

எதிரி ராணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அங்கிருந்து நேராகவும் சாய்வாகவும் கண்ணை ஓட்டுங்கள். அந்தக் கோட்டில் எங்காவது நம் யானை, பிஷப், ராணி இருக்கிறதா? நடுவில் நம் காய் ஒன்று மட்டும்தான் மறிக்கிறதா? ஆமாம் என்றால் அந்த நடுக்காய் செக் கொடுக்க எங்கே போகலாம் என்று தேடுங்கள். செக் இல்லையென்றால், அடுத்த நகர்வில் மேட் என்று மிரட்டுகிற இடம் உண்டா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் இப்போதைக்கு விட்டுவிட்டு, அந்தக் கோட்டை நினைவில் வைத்துக்கொள்ளலாம். அப்புறம் இதையே எதிரி ராஜாவிடமிருந்தும் ஒருமுறை செய்யுங்கள், அதில் இரண்டாவது வகை கிடைக்கும். கடைசியாகத்தான் கணக்கு: யார் வெட்டுவார், யார் திருப்பி வெட்டுவார், கையில் என்ன மிஞ்சும்.

இதையெல்லாம் முடிக்கும்வரை காயைத் தொடாதீர்கள். போட்டி விதிப்படி தொட்ட காயை நகர்த்தியே ஆகவேண்டும். திறப்புத் தாக்குதலில் எந்தக் காய் என்பது எளிது, எந்தக் கட்டம் என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. டீக்கடை ஆட்டத்தில் “ராணியைப் பாத்துக்கப்பா” என்று சொல்லிவிட்டுத் தாக்குகிற நல்ல மனிதர்கள் உண்டு. போட்டியில் யாரும் சொல்லமாட்டார்கள், செக் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும் என்றுகூட விதி இல்லை.

தடுப்பதற்கும் இதே கண்தான். உங்கள் ராணி நிற்கும் கோட்டில் எதிரியின் யானையோ ராணியோ பிஷப்போ ஒரு காய்க்குப் பின்னால் இருந்தால், அந்தக் காய் உங்களுக்குச் செக் கொடுக்க முடியுமா என்று பாருங்கள். முடியும் என்றால் ராணியை வேறு கோட்டுக்கு மாற்றுங்கள், அல்லது ராஜாவுக்கு முன்னால் ஒரு காயைப் போட்டு அந்தச் செக்கை முன்கூட்டியே அடைத்துவிடுங்கள். சும்மா கிடக்கிற சிப்பாயை எடுக்க ராணியை எதிரி ராணியின் வரிசைக்கே கூட்டிக்கொண்டு போவதற்கு முன் ரெண்டு தடவை யோசிக்கலாம்.

பழகுவதற்கு லிச்செஸ் தளம் போதும், இலவசம். அதில் புதிர்களை வகைவகையாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள், திறப்புத் தாக்குதலுக்கும் தனி வகை உண்டு. ஆனால் வகையைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போட்டால் விடை பாதி தெரிந்தமாதிரிதான். கொஞ்சம் பிடிபட்டதும் கலந்து வரும் புதிர்களுக்கு மாறிவிடுங்கள்.

ஆசை இருந்தால் 1925-இல் மாஸ்கோவில் கார்லோஸ் தோரே முன்னாள் உலக சாம்பியன் இமானுவேல் லாஸ்கரை ஜெயித்த ஆட்டத்தையும் தேடி ஆடிப் பாருங்கள். தோரே தன் ராணியையே கொடுத்துவிட்டு பிஷப்பை எஃப்6-இல் நிறுத்துகிறார். அப்புறம் அவருடைய யானை ஜி7-க்கு வந்து செக், விலகித் திறப்புச் செக், திரும்ப ஜி7, திரும்பத் திறப்புச் செக் என்று போய்ப்போய் வருகிறது. போகிற வழியில் எஃப்7 சிப்பாயையும் பி7 பிஷப்பையும் எடுத்துவிட்டு, கடைசியில் ஜி5-க்கு விலகித் திறப்புச் செக் கொடுத்து எச்5-இல் நிற்கும் லாஸ்கரின் ராணியைப் பிடித்துவிடுகிறது. லாஸ்கரால் ராஜாவை இங்கும் அங்கும் நகர்த்துவதைத் தவிர ஒன்றும் செய்யமுடியவில்லை.

அதற்கு முன் ஒரு வீட்டுப்பாடம். மேலே சொன்ன பிரெஞ்சு ஆட்டத்தை, டி4-இல் வெள்ளைச் சிப்பாய் உட்கார்ந்த இடம்வரை கொண்டுவாருங்கள். இப்போது கறுப்பு டி4-ஐ வெட்டாமல், பிஷப்பை சி8-இலிருந்து டி7-க்கு நகர்த்தட்டும். பி5 செக் அடைபட்டுவிட்டது. அடுத்த முறை குதிரை டி4-இல் வெட்டினால் அது உண்மையான லாபம். வெள்ளை இப்போது என்ன செய்யலாம்? கோட்டையில் ராஜாவை ஒளித்துவிட்டு, போனால் போகட்டும் என்று சிப்பாயைக் கொடுத்துத் தாக்குதலுக்குப் போகிறவர்கள் உண்டு. பத்திரமாக ஆடவேண்டுமென்றால் டி3 பிஷப்பை ஈ2-க்கு இறக்குங்கள். டி1 ராணிக்கு வரிசை திறந்துவிடும், டி4 சிப்பாய்க்கு இரண்டாவது காவல் வந்துவிடும்.